நெட்டி முறித்த வம்சம்

முதுகெலும்பை 'மடக்'கென்று சொடுக்கி நோய் தீர்க்கிற கைரோபிராக்டிக் வைத்தியத்தின் முதல் நோயாளிக்கு முதுகுவலி இல்லை. கழுத்துப் பிடிப்பும் இல்லை. அவருக்குக் காது கேட்காது.

ஹார்வி லில்லார்டு என்று பெயர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான டேவன்போர்ட்டில் ஒரு மாடிக் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளி. அதே கட்டடத்தில் கடை விரித்திருந்தவர் டேனியல் டேவிட் பால்மர். 17 வருஷத்துக்கு முன்னால் இடுக்கான இடத்தில் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது, அன்றைக்குப் போன காதுதான் என்று லில்லார்டு சொன்னார். பால்மர் முதுகைத் தடவிப் பார்த்தார். எலும்பு ஒன்று வரிசை தப்பித் துருத்திக்கொண்டிருந்தது. கையை வைத்து ஒரே தள்ளு. எலும்பு வரிசைக்கு வந்தது. தெருவில் போகிற வண்டிச் சக்கரத்தின் கடகடப்பு லில்லார்டுக்குக் கேட்டது. நாள் 1895 செப்டம்பர் 18.

இது பால்மர் எழுதி வைத்த வரலாறு. லில்லார்டின் மகள் சொன்ன கதை வேறு. அப்பா நடையில் நின்று யாருக்கோ நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பக்கம் இருந்த பால்மர் அதைக் கேட்டு ரசித்து, கையிலிருந்த புத்தகத்தாலேயே அவர் முதுகில் ஒரு சாத்து சாத்தினாராம். சில நாள் கழித்து அப்பா, "காது கொஞ்சம் தேவலை போலிருக்கிறது" என்றாராம். ஒரு வைத்தியப் பரம்பரையே சிரிப்பை அடக்க முடியாமல் போட்ட அடியில் பிறந்தது என்று நம்ப எனக்கு ரொம்ப ஆசை.

இரண்டில் எது நடந்திருந்தாலும் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. செவி நரம்பு மூளையில் புறப்பட்டு மண்டையோட்டுக்குள்ளேயே காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இதை அந்தக் காலத்து எந்த மருத்துவக் கல்லூரி மாணவனும் பால்மரிடம் சொல்லியிருப்பான். ஆனால் பால்மர் மருத்துவக் கல்லூரிக்குப் போனவரில்லை. கனடாவில் டொரன்டோ பக்கம் பிக்கரிங் என்ற ஊரில் 1845-இல் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, தேனீ வளர்த்து, மளிகைக் கடை வைத்து, தங்கமீன் விற்று, எதிலும் நிற்காமல் கடைசியாகக் காந்த வைத்தியத்துக்கு வந்தவர். தன் உடம்பில் ஓடும் காந்த சக்தியைக் கைவழியாக நோயாளிக்குள் இறக்குவது அந்த வைத்தியம். இதற்கு முதலீடு இரண்டு கை மட்டுமே என்பதால் மளிகையைவிட லாபமாக இருந்திருக்க வேண்டும்.

லில்லார்டுக்குக் காது திறந்ததும் பால்மருக்குக் கண் திறந்தது. ஒரு எலும்பைத் தள்ளினால் செவிடு போகிறதென்றால் மற்ற எலும்புகளுக்குப் பின்னால் என்னென்ன நோய் ஒளிந்திருக்குமோ! யோசித்துப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். உலகத்து நோய்களில் 95 சதவீதம் முதுகெலும்பு பிசகியதால் வருபவை. மிச்சம் 5 சதவீதம்? அவை வேறு மூட்டுகள் பிசகியதால் வருபவை. கிருமிக்கு அந்தக் கணக்கில் கால் சதவீதம்கூட ஒதுக்கவில்லை. உடம்புக்குள் ஒரு பிறவி அறிவு நரம்புவழியே ஓடிக்கொண்டிருக்கிறது, எலும்பு நரம்பை அழுத்தினால் அதன் ஓட்டம் தடைப்படும், அதுதான் நோய் என்று தத்துவமும் வந்துசேர்ந்தது. சிகிச்சைக்கு வந்த பாதிரியார் சாமுவேல் வீட் கிரேக்கம் படித்தவர். 'கைரோபிராக்டிக்' என்று பெயர் சூட்டும் விழாவை அவர் நடத்திக்கொடுத்தார். முதுகுவலி என்கிற சில்லறைச் சமாசாரத்துக்காக யாரும் இவ்வளவு பெரிய கடையைத் திறக்கவில்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகைத் தள்ளுவதும் இழுப்பதும் பால்மர் கண்டுபிடித்ததா என்றால், அதுவும் இல்லை. கிரேக்கத்து ஹிப்போக்ரடீஸ் காலத்திலேயே கூன் விழுந்தவரை ஏணியில் வைத்துக் கட்டி, உயரமான இடத்துக்கு ஏற்றி, அங்கிருந்து ஏணியோடு தொப்பென்று இறக்கும் வைத்தியம் இருந்தது. மூட்டுகளைப் பற்றிய நூலில் இதை விவரிக்கும்போது அவருக்கே கூசுகிறது. கூட்டம் வாயைப் பிளப்பதற்காகப் போலி வைத்தியர்கள் காட்டும் வித்தை, நான் இதைத் தொட மாட்டேன் என்கிறார். சொல்லிவிட்டு, செய்வதானால் எங்கே கட்ட வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் இந்தத் தொழிலின் நட்சத்திரம் ஒரு பெண். சாரா மேப். எலும்பு வைத்தியரின் மகள். மாறுகண், பெருத்த உடம்பு, பெருத்த குரல், அதைவிடப் பெருத்த கைவலு. எப்சம் ஊர்க்காரர்கள் 'எங்கள் ஊரைவிட்டுப் போய்விடாதே தாயே' என்று வருஷத்துக்கு 100 கினி தரத் தயாராக இருந்தார்கள். அவர் கட்டிய புருஷன் கல்யாணமான இரண்டு வாரத்துக்குள் 100 கினியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்பது வேறு கதை. மேப் அசரவில்லை. நாலு குதிரை பூட்டிய கோச்சு வண்டியில் லண்டனுக்கு வந்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார். ராஜ வைத்தியரும் ராயல் சொசைட்டியின் தலைவருமான ஹான்ஸ் ஸ்லோனின் மருமகளுக்கு ஒன்பது வருஷமாகத் துருத்திக்கொண்டிருந்த முதுகை இவர் நிமிர்த்தினார் என்று 1736-இல் பத்திரிகைகள் எழுதின. மாமனோ மகா பண்டிதர். மருமகள் போனது மேப்பிடம். அதே வருஷம் ஓவியர் ஹோகார்த் போலி வைத்தியர்களைக் கிண்டலடித்துச் செதுக்கிய படத்தில் நடுநாயகமாக, கையில் எலும்போடு உட்கார்ந்திருப்பவர் இவர்தான். அடுத்த வருஷக் கடைசியில் ஏழையாகச் செத்தார். அடக்கச் செலவு ஊரார் தலையில் விழுந்தது.

பால்மர் உண்மையிலேயே பயப்பட வேண்டிய முன்னோடி பக்கத்து மாநிலத்திலேயே இருந்தார். மிசூரியின் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். பத்து வயசில் தலைவலி பொறுக்காமல் இரண்டு மரத்துக்கு நடுவே கயிற்றைத் தாழக் கட்டி, போர்வையை மடித்துப் போட்டு, அதில் பிடரியை வைத்துத் தூங்கி எழுந்தபோது தலைவலி பறந்திருந்ததாம். பின்னால் மூளைக்காய்ச்சலில் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்து, அந்தக் கால மருந்துகளில் நம்பிக்கை போய், 1874-இல் ஆஸ்டியோபதி என்று எலும்பு வழி வைத்தியத்தை அறிவித்தார். 1892-இல் கிர்க்ஸ்வில்லில் கல்லூரியும் தொடங்கினார். மூன்று வருஷம் கழித்துப் பால்மர் 'நான் கண்டுபிடித்தேன்' என்று எழுந்து நின்றால் ஸ்டில்லின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? திருட்டுப் பட்டம் கட்டினார்கள். பால்மர் தரப்பின் பதில், ஸ்டில் சொன்னது ரத்தக் குழாய், நாங்கள் சொல்வது நரம்பு என்பது. உடம்பையே பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். கடைசிக் காலத்தில் பால்மர் இன்னொரு படி மேலே போய், இந்த ஞானத்தைத் தனக்கு ஆவியுலகத்திலிருந்து அருளியவர் ஜிம் அட்கின்சன் என்ற டாக்டர், அவர் இறந்து 50 வருஷம் ஆகிறது என்று எழுதினார். ஆவி என்ன, வழக்குப் போடவா வரப்போகிறது?

வழக்குப் போட டேவன்போர்ட்டிலேயே ஆள் இருந்தது. 1906-இல், லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்துக்கு 350 டாலர் கட்டு, இல்லாவிட்டால் 105 நாள் உள்ளே இரு என்று தீர்ப்பு வந்தது. கட்ட மாட்டேன் என்று வீரமாக உள்ளே போன பால்மர், சில வாரத்தில் கட்டிவிட்டு வெளியே வந்தார். வந்து பார்த்தால் 1897-இல் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மகன் கையில் இருந்தது.

மகன் பார்ட்லெட் ஜோஷுவா. ஊருக்கெல்லாம் பி.ஜே. அப்பா வாரால் விளாசிய கதைகளைப் பின்னாளில் பக்கம் பக்கமாக எழுதியவர். ஆகவே பாசத்தால் இழுபறி எதுவும் ஏற்படவில்லை. மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அப்பாவின் பங்குக்கு 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே, சில புத்தகங்கள், சில எலும்புகள். மண்டையோடு யாருக்கு, இடுப்பெலும்பு யாருக்கு என்று அப்பனும் பிள்ளையும் பாகம் பிரித்த சொத்துத் தகராறு சரித்திரத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பெரியவர் ஓக்லஹோமா, ஓரிகன் என்று ஊர் ஊராகப் போய்ப் புதுப் பள்ளிக்கூடங்கள் தொடங்கிப் பார்த்தார். 1910-இல் ஏறக்குறைய ஆயிரம் பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டார். அதில் கைரோபிராக்டிக் தத்துவம் பாதி என்றால், மகன் உட்பட மற்ற கைரோபிராக்டர்கள் அத்தனை பேருக்கும் விட்ட டோஸ் பாதி. இதை ஒரு மதமாகவே ஆக்கிவிடலாமா என்றுகூட யோசித்தார். மதம் என்றால் ஸ்தாபகர் யார் என்ற கேள்வி வரும். ஏசு, முகம்மது நபி, மார்ட்டின் லூதர் என்ற வரிசையில் தன்னையும் வைத்து அதற்குப் பதில் எழுதி வைத்திருந்தார்.

1913 ஆகஸ்டில் டேவன்போர்ட் பள்ளியில் பழைய மாணவர் கூடும் விழா. ஊர்வலம் கிளம்பியது. அழையாமல் வந்த பெரியவர், ஸ்தாபகன் நான்தான் என்று கொடியும் கையுமாக நடந்தே முன்னால் போக நின்றார். அதெல்லாம் முடியாது என்று ஊர்வலத்தை நடத்தியவர்கள் தடுக்க, பின்னாலேயே பி.ஜே.யின் கார் வந்தது. கார் அப்பாவை இடித்தது என்று அப்பா கட்சி. தொடவே இல்லை என்று பிள்ளை கட்சி. இரண்டு பக்கமும் நேரில் பார்த்த சாட்சிகள் ஏராளம். அக்டோபர் 20 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பெரியவர் இறந்தார். தகப்பனைக் கொன்ற பிள்ளை என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் வழக்கை ஏற்க கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் இருந்த காரணம் டைபாய்டு. 95-லும் சேராமல் 5-லும் சேராமல், கணக்கிலேயே இல்லாத ஒரு கிருமி.

அப்பன் எட்டடி பாய்ந்தால் பிள்ளை பதினாறடி. பி.ஜே. தலைமுடியையும் தாடியையும் வளர்த்து, தொளதொள டை கட்டி, தன் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் வியாபாரப் பொன்மொழி எழுதி வைத்தார். அதிகாலையில் எழு, பேயாய் உழை, விளம்பரம் செய் என்பது அவற்றின் சாரம். ரேடியோ என்று ஒன்று வந்ததும் 1922-இல் டபிள்யூ.ஓ.சி. நிலையத்தை விலைக்கு வாங்கிப் பள்ளி மாடியிலேயே வைத்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்து அங்கே வேலை கேட்டு வந்த ஒரு பையனுக்கு முதல் கால்பந்து வர்ணனைக்கு 5 டாலரும் பஸ் சார்ஜும் கிடைத்தது. ரொனால்ட் ரீகன். முதுகெலும்பு வைத்தியம் அமெரிக்காவுக்குத் தந்த நிச்சயமான பலன்களில் ஒரு ஜனாதிபதியும் உண்டு, வேண்டியவர்கள் அதைப் பலன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

1924-இல் பி.ஜே. நியூரோகேலோமீட்டர் என்ற கருவியை இறக்கினார். முதுகெலும்பின் இரண்டு பக்கத்துச் சூட்டையும் ஒப்பிட்டு எந்த எலும்பு பிசகியிருக்கிறது என்று காட்டுமாம். விற்பனைக்கு இல்லை, குத்தகைக்கு மட்டும். குத்தகைத் தொகை 2,000 டாலரைத் தாண்டியது. புது ஃபோர்டு கார் 300 டாலருக்குள் கிடைத்த காலம் அது. இந்தக் கருவி இல்லாமல் வைத்தியம் பார்ப்பவன் கைரோபிராக்டரே இல்லை என்று வேறு சொன்னதும், அதுவரை அவர் காலடியில் கிடந்த ஆசிரியர்களே எழுந்துபோய் இண்டியானாபோலிஸில் போட்டிக் கல்லூரி திறந்தார்கள். பிறகு பி.ஜே.க்கு இன்னொரு ஞானோதயம் வந்தது: முதுகெலும்பு முழுக்கத் தட்டுவது வீண், கழுத்தின் உச்சி எலும்பைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானே சரியாகும். அப்பா பரப்பி வைத்த கடையைப் பிள்ளை ஒரே எலும்புக்குச் சுருக்கினார்.

இந்தக் குடும்பக் கூத்து ஒருபக்கம் நடக்க, நீதிமன்றக் கூத்து இன்னொரு பக்கம். 1907-இல் விஸ்கான்சின் மாநிலத்து லா க்ராஸ் ஊரில் ஷெகடாரோ மொரிகுபோ என்ற ஜப்பானியக் கைரோபிராக்டரைப் பிடித்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஆஸ்டியோபதி பார்த்தார் என்பது வழக்கு. வக்கீல் டாம் மோரிஸ் கெட்டிக்காரர். என் கட்சிக்காரர் செய்தது ஆஸ்டியோபதியே இல்லை ஐயா, இதற்குத் தனித் தத்துவம் இருக்கிறது என்று வாதாடினார். அந்தத் தனித் தத்துவத்துக்குச் சாட்சியாக அவர் நீட்டிய புத்தகம், பி.ஜே.யின் பரம எதிரியான லாங்வொர்த்தி என்பவர் கூட்டாளிகளோடு எழுதியது. மொரிகுபோ விடுதலையானார். கேஸ் ஜெயிக்க உதவியது என்பதால், பிறவி அறிவு என்ற அந்தத் தத்துவத்தைக் கைவிட அன்றிலிருந்து பலருக்குத் துணிவு வரவில்லை. மாநிலம் மாநிலமாகக் கைது தொடர்ந்தது. கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் பெரியவர் செய்த தப்பைச் செய்யாமல், அபராதம் கட்ட மறுத்து உள்ளேயே கிடந்தார்கள். நோயாளிகள் சிறை வாசலுக்கு வந்தார்கள், ஊர் இரங்கியது, 1922-இல் மக்கள் வாக்களித்துச் சட்டம் வந்தது. முதல் சட்டம் 1913-இல் கான்சாஸில். கடைசி மாநிலமான லூசியானா இறங்கி வந்தபோது 1974.

அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. 1963-இல் போலி வைத்திய ஒழிப்புக் குழு ஒன்றை வைத்து, கைரோபிராக்டர்களோடு டாக்டர்கள் எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைக்கக் கூடாது என்று தள்ளிவைத்தது. சங்கத்தின் ரகசியக் காகிதங்களை யாரோ ஒருவர் வெளியே கடத்தினார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'தொண்டைவலி'. அந்தக் காகிதங்களின் பலத்தில் செஸ்டர் வில்க்கும் இன்னும் சில கைரோபிராக்டர்களும் 1976-இல் போட்ட வழக்கில், 1987-இல் நீதிபதி சூசன் கெட்சென்டேனர் சங்கத்தைக் குற்றவாளி என்றார். தொழில் போட்டியை நசுக்கியது குற்றம். கைரோபிராக்டிக் விஞ்ஞானமா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கைரோபிராக்டர்கள் அந்த இரண்டாவது பாதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த 'மடக்' சத்தம் என்னதான் என்று கேட்பவர்களுக்கு: எலும்பு எதுவும் போய் இடத்தில் உட்காருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் நெய்ப்புத் திரவத்தில் சட்டென்று இழுக்கும்போது அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவில் விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து நெட்டி இழுத்து இதைப் படமே எடுத்துவிட்டார்கள். அடுத்த இருபது நிமிஷத்துக்கு அதே மூட்டில் மறுபடி சத்தம் வராது. காசு கொடுத்தாலும் வராது. நெட்டி முறித்தால் மூட்டு தேயும் என்று அம்மா பயமுறுத்தியதைப் பொய்யாக்க, டொனால்ட் அங்கர் என்ற கலிபோர்னியா டாக்டர் 60 வருஷம் இடது கை விரல்களில் மட்டும் நெட்டி முறித்து, இரண்டு கையும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று எழுதி 2009-இல் இக் நோபல் என்ற கிண்டல் நோபல் பரிசை வாங்கினார்.

முதுகுக்கு? சாதாரணக் கீழ்முதுகு வலிக்கு இந்தத் தட்டல், உடற்பயிற்சியும் மற்ற வழக்கமான சிகிச்சைகளும் தருகிற அளவு நிம்மதியைத் தருகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அமெரிக்க டாக்டர்களின் 2017 வழிகாட்டுதலிலேயே இதற்கும் ஒரு ஓரத்தில் இடம் கிடைத்தது. உலகத்து நோய் அத்தனைக்கும் பட்டா போட்ட வம்சத்துக்குக் கடைசியில் நிலைத்தது, ஸ்தாபகர் சட்டை செய்யாத அந்த ஒரு வலிதான். கழுத்து விஷயம் வேறு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அபூர்வமாக அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. நம் ஊர் சலூனில் முடிவெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஒரு திருப்புத் திருப்புவார்களே, அந்த இலவச இணைப்பும் இதில் அடக்கம். கத்திரியோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவது உத்தமம்.

ஆனால் முதுகோடு நிற்க மனம் வருமா? 2008-இல் இங்கிலாந்தில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர், குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமா, காதுத் தொற்று எல்லாவற்றுக்கும் முதுகெலும்பைத் தட்டலாம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கார்டியன் பத்திரிகையில் கேட்டார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் ஆதாரத்தைக் காட்டியிருக்கலாம். அவதூறு வழக்கைப் போட்டது. அதுவும் பத்திரிகை மீது இல்லை, எழுதிய மனிதர் மீது. சிங் மசியவில்லை. இரண்டு வருஷம் இழுத்து, மேல்முறையீட்டில் அடி வாங்கி, 2010 ஏப்ரலில் சங்கம் வழக்கை வாபஸ் வாங்கியது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தையே 2013-இல் மாற்றி எழுத வைத்த காரணங்களில் இந்த வழக்கும் ஒன்று. இதற்கிடையில் சிங்கின் ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கான கைரோபிராக்டர்களின் விளம்பரங்களைத் தோண்டி எடுத்துப் புகார்மேல் புகாராக அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மெக்டிமோனி என்ற இன்னொரு கைரோபிராக்டிக் சங்கம் பதறிப்போய்த் தன் உறுப்பினர்களுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டியது. இணையதளம் வைத்திருந்தால் உடனே இறக்கிவிடுங்கள். துண்டுப் பிரசுரங்களை அப்புறப்படுத்துங்கள். நோயாளி வேஷத்தில் வேவு பார்க்க வருபவர்களிடம் ஜாக்கிரதை. இதைப் பற்றி யாரிடமும், முக்கியமாக நோயாளிகளிடம், மூச்சு விடாதீர்கள்.

அந்த மின்னஞ்சலும் வெளியே வந்துவிட்டது.